கம்பெனித் துப்பாக்கிக்கு யார் பொறுப்பு?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துல பதினேழு வருசம் இருந்து ஹவில்தாரா வெளிய வந்தவர். பென்ஷன் வருது. ஒரு ஏடிஎம் வாசல்ல காவலுக்கு நின்னாரு, மரியாதை இல்லன்னு விட்டுட்டாரு. இப்போ ஜங்ஷன் பக்கம் ஒரு ஏஜென்ட் ஈராக்குல செக்யூரிட்டி வேலை இருக்குன்னு சொல்லுதாரு. மாசம் ஒன்றேகால் லட்சம், துப்பாக்கியோட நிக்கணுமாம். முதல்ல விசிட் விசாவுல துபாய், அங்கிருந்து அவங்களே கூட்டிட்டுப் போவாங்களாம். ரெண்டரை லட்சம் கட்டணும், ஐம்பதாயிரம் கொடுத்தாச்சு. என் கொழுந்தன், "மதினி, காஷ்மீர்ல நின்ன மனுசன், இதுக்கா பயப்படுதீய?"ங்கான். எனக்கு மூணு விசயம் தெரியணும். இது சட்டப்படி சரிதானா? அவருக்கு ஒண்ணு ஆயிட்டா நான் யார் வாசல்ல போய் நிக்க? அவரு சுட்டு அங்க யாராவது செத்துட்டா அவர் மேல கேஸ் வருமா?
— ஒரு சகோதரி, வள்ளியூர் பக்கம்

பதில்:

தங்கச்சி, வெளிநாட்டு வேலை பற்றி என்னிடம் கேட்க வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்பார்கள், விசாவைக் கேட்பார்கள். உங்கள் மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வரும். கேஸ் வரும். உங்கள் கொழுந்தன் காஷ்மீரைச் சொன்னாரல்லவா, அதையே எடுத்துக்கொள்வோம். அங்கே உங்கள் கணவர் கையில் இருந்த துப்பாக்கி அரசாங்கத்தினுடையது. சுடச் சொன்ன அதிகாரிக்கு மேல் ஒரு அதிகாரி, அவருக்கு மேல் டெல்லி. அந்தப் பகுதியில் நடப்பில் உள்ள ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டப்படி, பணியில் செய்த செயலுக்காக ஒரு வீரர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அவருக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் நின்றது என்பதுதான் இங்கே விசயம். ஈராக்கில் அவர் பிடிக்கப்போவது கம்பெனித் துப்பாக்கி. அதற்குப் பின்னால் ஒரு ஒப்பந்தத் தாள் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஈராக் வரை போக வேண்டியதில்லை. நம் தெற்குக் கடலிலேயே இரண்டு வழக்குகள் நடந்தன. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலுக்கு வெளியே என்ரிக்கா லெக்சி என்ற இத்தாலியக் கப்பலில் காவலுக்கு இருந்த இரண்டு கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்து மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன். சுட்டவர்கள் இத்தாலி அரசின் வீரர்கள். ஆகவே இத்தாலி தூதரை இறக்கியது, சர்வதேச நடுவர் மன்றம் வரை போனது. 2020-ல் அந்த மன்றம், அவர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. பத்துக் கோடி ரூபாய் கட்டப்பட்ட பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்துவைத்தது.

மற்றது, நம் பாளையங்கோட்டை ஜெயில் வரை வந்த வழக்கு. 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் கப்பல், சியரா லியோன் கொடி. வணிகக் கப்பல்களைச் சோமாலியக் கொள்ளையரிடமிருந்து காக்கும் காவலர்கள் அதில் இருந்தார்கள். மாலுமிகளையும் சேர்த்து மொத்தம் 35 பேர்: பிரிட்டிஷார் ஆறு, எஸ்தோனியர் 14, உக்ரேனியர் மூன்று, இந்தியர் 12. கப்பலில் 35 துப்பாக்கிகளும் ஐந்தாயிரத்துக்கு மேல் தோட்டாக்களும் இருந்தன. அவற்றை இந்தியக் கடலுக்குள் வைத்திருக்க அனுமதி இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு விசாரித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு கட்டத்தில் ஆயுதச் சட்ட வழக்கை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி விசாரணை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் எல்லோருக்கும் ஐந்து ஆண்டு தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. கணக்குப் பாருங்கள், நான்கு ஆண்டுக்கு மேல். இந்த 35 பேரில் ஒருவர்கூட யாரையும் சுடவில்லை.

சுட்டுக் கொன்றவர்கள் ஊருக்குப் போனார்கள், சுடாதவர்கள் பாளையங்கோட்டையிலும் புழலிலும் கிடந்தார்கள். முன்னவர்கள் அரசாங்கத்தின் ஆட்கள், பின்னவர்கள் கம்பெனியின் ஆட்கள் என்பது எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்த்தீர்களா? கப்பல் பிடிபட்டதும் சம்பளம் நின்றுபோயிற்று என்று அந்தக் காவலர்களின் குடும்பங்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதிலும் ஒரு சங்கதி உண்டு. பிரிட்டிஷார் ஆறு பேருக்காக அவர்கள் ஊரில் கையெழுத்து இயக்கம் நடந்தது, நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, அமைச்சர்கள் டெல்லியில் பேசினார்கள். அதே கப்பலில் இருந்த நம் ஆட்கள் 12 பேருக்காக இங்கே ஒரு போஸ்டரும் ஒட்டப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

டீக்கடையில் ஒருவர் சொல்வார், "ஈராக்குல கம்பெனிக்காரனை எவனும் கேக்க முடியாது" என்று. அது பழைய கதை. ஈராக்கை அப்போது ஆண்ட அமெரிக்க நிர்வாகம் 2004-ல் பிறப்பித்த 17-ஆம் எண் உத்தரவு, ஒப்பந்தக்காரர்களை ஈராக் சட்டம் தொட முடியாதபடி வைத்திருந்தது உண்மை. அந்தப் பாதுகாப்பு இருந்த காலத்தில்தான் 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் கூட்டத்தில் சுட்டு 17 பேரைக் கொன்றார்கள். ஒன்பது வயதுச் சிறுவனும் அதில் ஒருவன். ஈராக்கில் வழக்கு நடத்த முடியவில்லை. சாட்சிகள் கடல் கடந்து வாஷிங்டன் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. நால்வர் குற்றவாளிகள் என்று 2014-ல்தான் தீர்ப்பு வந்தது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வரையும் மன்னித்து வெளியே விட்டார். செத்தவர்களின் வீட்டார் கையில் என்ன மிஞ்சியது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் அந்த மன்னிப்பு அமெரிக்கக் குடிமகனுக்கு அமெரிக்க அதிபர் கொடுத்தது. உங்கள் கணவருக்கு அந்த வாசல் கிடையாது. 2009 ஜனவரி 1 முதல் ஈராக்கில் தனியார் காவலர்கள் அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அதே ஆண்டு பாக்தாதில் சக காவலர்கள் இருவரைச் சுட்டுக் கொன்ற பிரிட்டிஷ்காரர் ஒருவருக்கு ஈராக் நீதிமன்றமே 2011-ல் 20 ஆண்டு சிறை விதித்தது. இது போதாதென்று நம் சட்டமும் இருக்கிறது. இந்தியக் குடிமகன் உலகின் எந்த மூலையில் குற்றம் செய்தாலும் இங்கே விசாரிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் முதல் பிரிவிலேயே இருக்கிறது. மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

தன்னையும் தான் காக்கும் ஆட்களையும் காப்பாற்றச் சுடுவது வேறு, அதற்கு எந்த நாட்டுச் சட்டத்திலும் இடமுண்டு. ஆனால் அது தற்காப்புதான் என்று யார் சொல்வார்கள்? பட்டாளத்தில் சம்பவம் நடந்தால் விசாரணைக் குழு உட்காரும், ஒயர்லெஸ் பதிவு இருக்கும், பக்கத்தில் நின்றவன் சாட்சி சொல்வான். கம்பெனியில் பக்கத்தில் நின்றவனை அடுத்த விமானத்தில் ஏற்றி நாட்டுக்கு அனுப்பிவிடலாம். இன்னொன்று, உங்கள் கணவர் எங்கே நிற்கப்போகிறார் என்பதும் முக்கியம். தூதரக வாசலிலோ எண்ணெய்க் கிணற்று வேலியிலோ நிற்கும் காவலர் போர்ச் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமகன், அவரைத் தாக்குவது குற்றம். ராணுவ முகாமையோ தளவாடம் போகும் வண்டிகளையோ எதிர்ப்படையிடமிருந்து காக்கப் போனால், சண்டையில் நேரடியாகக் கலந்துகொண்டவர் என்று கருதப்பட்டு அந்தப் பாதுகாப்பை இழக்கலாம். பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய மரியாதையும் நிச்சயமில்லை. இதையெல்லாம் ஒழுங்குபடுத்த 2008-ல் மாண்ட்ரோ ஆவணம் என்று ஒன்றை நாடுகள் எழுதின. நல்ல ஆவணம்தான், ஆனால் அதை மீறினால் தண்டிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, யார் வாசலில் நிற்பது.

இந்த வேலையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தூதரகமோ எண்ணெய்க் கம்பெனியோ பாதுகாப்பைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கும். அது வாசல் காவலைத் துணை ஒப்பந்தமாக இன்னொன்றுக்கு விடும். அது ஆள் பிடிக்க மூன்றாவதாக ஒரு கம்பெனியிடம் சொல்லும். அந்தக் கம்பெனியின் கையாள்தான் உங்கள் ஜங்ஷன் ஏஜென்ட். வெள்ளைக்காரர்களுக்கு முக்கியஸ்தர்களோடு கூடப் போகும் வேலை. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் கோபுரத்தில் நிற்பது, பை சோதிப்பது, குண்டு வைத்த வண்டி வந்தால் முதலில் எதிர்ப்படுவது நேபாளிக்கும் உகாண்டாக்காரருக்கும் நம் ஆளுக்கும். 2016 ஜூனில் காபூலில் கனடா தூதரகத்துக்குக் காவல் போய்க்கொண்டிருந்தவர்களின் மினி பஸ்ஸுக்கு அருகில் தற்கொலைப் படையாள் குண்டை வெடிக்கச் செய்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் நேபாளிகள், இருவர் டேராடூன் பக்கத்து இந்தியர். குண்டு துளைக்காத தூதரகத்தைக் காக்கப் போனவர்களைச் சாதாரண மினி பஸ்ஸில்தான் கொண்டுபோனார்கள்.

அப்படி ஒன்று நடந்தால் உங்களுக்குப் பணம் வருமா என்பது அந்தச் சங்கிலியின் உச்சியில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க அரசின் ஒப்பந்தம் என்றால் 1941-ஆம் ஆண்டின் டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்ற சட்டம் உண்டு. துணை ஒப்பந்தக்காரர் உட்பட எல்லோரும் தொழிலாளருக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும், தொழிலாளர் எந்த நாட்டவரானாலும் சரி. வேலை காரணமாக இறந்தால் மனைவிக்கு அவருடைய சராசரி வாரச் சம்பளத்தில் பாதி, பிள்ளைகள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வரை. கோரிக்கையை அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் ஓராண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்த ஓராண்டைக் குறித்து வையுங்கள். இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாமல் அந்தக் கெடுவைத் தவறவிடுகிற குடும்பங்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். வக்கீல் ஃபீஸையும் ஜெயித்தால் காப்பீட்டுக் கம்பெனிதான் கொடுக்கும், அதுவும் அந்தத் துறை அனுமதித்த தொகைதான். "வர்ற பணத்துல பாதி எனக்கு" என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்க அரசு ஒப்பந்தம் இல்லை, பிரிட்டிஷ் கம்பெனி அல்லது தனியார் எண்ணெய்க் கம்பெனி என்றால் இந்தச் சட்டம் தொடாது. ஒப்பந்தத்தில் காப்பீடு என்று என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். நீங்கள் இங்கே கட்டிவரும் விபத்துக் காப்பீடு உதவும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். போரினால் நேரும் சாவை விலக்கும் வரி அவற்றில் பெரும்பாலும் இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள்.

ஒரு ஆறுதல், ராணுவப் பென்ஷன் இதில் போகாது. எங்கே இறந்தாலும் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்கு வரும். ஆனால் இறந்தார் என்று தெரிய வேண்டுமே. 2014 ஜூனில் மோசூலில் காணாமல்போன 39 இந்தியத் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு அவர்கள் கொல்லப்பட்டது உறுதியாகச் சொல்லப்பட்டது 2018 மார்ச்சில். இடையில் அந்தப் பெண்கள் பூவா, பொட்டா, திதியா என்று தெரியாமல் இருந்த காலத்துக்கு எந்தச் சட்டத்திலும் இழப்பீடு கிடையாது.

சட்டப்படி சரியா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். ஈராக்கில் காவல் வேலைக்குப் போவது குற்றமல்ல. உங்கள் ஏஜென்ட் சொல்லும் வழிதான் கோணல். ஈராக், ஆப்கானிஸ்தான், லிபியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்பாடு உண்டு. அப்படிப் போகிறவர்களுக்குப் பத்து லட்ச ரூபாய்க் காப்பீடும் கட்டாயம். ஆனால் பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. உங்கள் கணவரும் தேறியிருப்பார். பத்தாவது படித்தவன் ஏமாற மாட்டான் என்று சர்க்கார் நினைக்கிறதோ என்னவோ, துப்பாக்கி வேலைக்குப் போகும் முன்னாள் படைவீரர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தச் சல்லடைக்கு வெளியே நிற்கிறார்கள். அதனால்தான் விசிட் விசா, துபாய், அங்கிருந்து ஈராக் என்று ஏஜென்ட் தைரியமாகப் பேசுகிறார். துபாயில் இறங்கிய பிறகு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு வேறு சம்பளம், வேறு ஊர், வேறு வேலை என்று நீட்டினால், திரும்ப டிக்கெட்டுக்குக் காசில்லாத ஆள் என்ன செய்வார்? உதவியாளர் வேலை என்று ரஷ்யாவுக்குக் கூட்டிப்போய் உக்ரைன் போர்முனையில் நிறுத்திய கும்பல் மீது 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் போட்டது. அதில் போன பையன்கள் கையெழுத்திட்ட தாள் ரஷ்ய மொழியில் இருந்தது.

அதனால் ஏஜென்டிடம் உங்கள் கணவரே போய்ப் பட்டாளத்து முறுக்கோடு கேட்கட்டும். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவான எண் என்ன, அது இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயரில் இருக்கிறதா? யாருடைய வாசலில் காவல், மேலே இருக்கும் ஒப்பந்தம் எந்த அரசினுடையது, ஒப்பந்த எண் என்ன? துப்பாக்கிக்கு ஈராக் உள்துறையின் அனுமதி எந்தக் கம்பெனியின் பெயரில்? காப்பீட்டுக் கம்பெனி எது? வழக்கு வந்தால் வக்கீல் செலவு யாருடையது, அது தாளில் இருக்கிறதா? ஜெனீவாவில் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான நடத்தை விதிச் சங்கம் ஒன்று 2013 முதல் இருக்கிறது, அதன் உறுப்பினர் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. அந்தக் கம்பெனி அதில் இல்லையென்றால் ஏன் இல்லை? இந்தியப் பாதுகாப்பு ஏஜென்சி ஒன்றுதான் ஆளை அனுப்புகிறது என்று சொன்னால், 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி வெளிநாட்டில் காவல் தர மாநிலக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால், வேலை விசாவும் கையில் வந்தால், போவதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது. அதில் நான் தலையிட மாட்டேன். பதில் வராவிட்டால் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

கொழுந்தனுக்கும் ஒரு வார்த்தை. இது பயப்படுகிற விசயமே இல்லை. உங்கள் கணவரின் தைரியத்தை யாரும் சந்தேகப்படவில்லை. ஏடிஎம் வாசலில் மரியாதை இல்லை என்று வெளியே வந்த மனிதர் அவர், அந்த வலி எனக்குப் புரிகிறது. தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் முன்னாள் படைவீரர்களுக்குக் காவல் பணிகள் வருகின்றன. சம்பளம் ஈராக் கணக்குக்கு வராது, ஆனால் அரசு நிறுவனத்தின் வேலை. நெல்லையிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக்கோடு போய்ப் பதிந்து வைக்கட்டும். அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் பட்டாளத்துக்காரர்கள்தான், பேச்சு எடுபடும்.

கடைசியாக, அந்த ஐம்பதாயிரம். பதிவு பெற்ற ஏஜென்டே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு ரசீது தர வேண்டும். மேலிருப்பது அமெரிக்க அரசு ஒப்பந்தம் என்றால் நிலைமை ஏஜென்டுக்கு இன்னும் மோசம். 2012-ல் அதிபர் ஒபாமா பிறப்பித்த ஆணைப்படி ஆளெடுப்புக் கட்டணம் என்று தொழிலாளியிடம் பணம் வாங்கவே கூடாது. ஆகவே ரெண்டரை லட்சம் என்று கேட்டதே அவர் மேல் வழக்குப் போடப் போதுமான காரணம். பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்ததை ஜிபே-யில் அனுப்பியிருந்தால் அதன் பதிவு, ரொக்கமாக என்றால் கூட இருந்தவர் பெயர், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகள், எல்லாவற்றையும் அழியாமல் எடுத்து வையுங்கள். முதலில் பணத்தைத் திரும்பக் கேட்டுப் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் நெல்லை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் ஒரு புகார், சென்னைக் குடியேற்றப் பாதுகாவலருக்கு அதன் நகல். வக்கீல் வைக்கக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, நெல்லை நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்கள் பெயரிலேயே மனு கொடுக்கலாம். போகும்போது ஏஜென்ட் கொடுத்த தாள் ஒன்று விடாமல், பாஸ்போர்ட் நகலோடு எடுத்துப் போங்கள்.